மலையில் தொட்டித் தக்காளி: ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் வீடுகளுக்கு

தக்காளி வெயிலுக்குப் பிறந்த செடி. சமவெளி மாடித்தோட்டத்துக்கு எழுதிய முறைகளை அப்படியே ஊட்டியிலோ கொடைக்கானலிலோ செய்தால் செடி வளரும், இலை தழைக்கும், பூவும் வரும். காய் மட்டும் நிற்காது. நின்ற காயும் பழுப்பதற்குள் ஒரு வாரப் பனிமூட்டம் வந்து செடியே கருகிப்போகும்.

மலையில் தக்காளிக்கு எதிரி இரண்டு. ஒன்று குளிர்ந்த இரவு. இரவு வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக உருவாகாது. பூ காம்போடு மஞ்சளாகி உதிரும். ஊட்டியில் சித்திரை மாதத்திலேயே இரவில் 11, 12 டிகிரிக்கு இறங்கிவிடும். இரண்டாவது நனைந்த இலை. மூட்டம், தூறல், பனித்துளி என்று இலை மணிக்கணக்கில் ஈரமாக இருந்தால் உருளைக்கிழங்கை அழிக்கும் அதே கருகல் நோய் தக்காளியையும் பிடிக்கும். தொட்டியில் வளர்ப்பதன் லாபம் இங்கேதான். நிலத்துச் செடியைத் தூக்கிக் கூரைக்கடியில் வைக்க முடியாது, வாளியை வைக்கலாம். கீழே சொல்லும் எல்லாமே இந்த இரண்டு எதிரிகளை மனதில் வைத்துச் சொல்வதுதான்.

எந்த உயரத்தில் எந்த மாதம்

நீலகிரி என்று ஒரே பெயர் சொன்னாலும் கூடலூர் சுமார் 1,000 மீட்டர் உயரம், குன்னூரும் கோத்தகிரியும் 1,800 மீட்டரை ஒட்டியவை, ஊட்டி 2,240 மீட்டர். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேலே. அதே பழனி மலையில் பண்ணைக்காடும் தாண்டிக்குடியும் வெகுவாகக் கீழே. விதைக்கும் மாதத்தை இந்த உயரமும், எந்தப் பருவமழை உங்கள் பக்கம் அதிகம் அடிக்கிறது என்பதும் சேர்ந்துதான் முடிவு செய்யும்.

ஊட்டி, கொடைக்கானல் நகரம், மன்னவனூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரே போகம். தை முதல் வாரத்தில் வீட்டுக்குள் விதைத்து, பங்குனித் தொடக்கத்தில் பெரிய வாளிக்கு மாற்றினால், சித்திரையில் பூத்து ஆனி, ஆடியில் பழம் வரும். அந்த நேரம் ஊட்டியில் தென்மேற்கு மழை நடுவில் இருக்கும். அதனால் கூரை இல்லாமல் அங்கே தக்காளி வேண்டாம்.

குன்னூர், கோத்தகிரியில் மார்கழியில் விதைத்து மாசியில் மாற்றுங்கள், வைகாசியிலிருந்து பறிக்கலாம். இந்தப் பக்கம் தென்மேற்கு மழை மிதமானது, அடித்துப் பெய்வது ஐப்பசி, கார்த்திகையில்தான். எனவே வைகாசியில் இன்னொரு முறை விதைத்துப் புரட்டாசிக்குள் பறித்து முடிப்பதும் சாத்தியம். கூடலூர், பந்தலூரில் கணக்கு தலைகீழ். தென்மேற்கு மழை ஓய்ந்து புரட்டாசி கடைசியில் விதை, கார்த்திகையில் நடவு, தை முதல் பங்குனி வரை அறுவடை. தாண்டிக்குடி, பண்ணைக்காட்டில் வடகிழக்கு மழை வலுக்கும் என்பதால் கார்த்திகையில் நாற்றுவிட்டு, மழை விட்டதும் தையில் மாற்றுவது நல்லது.

சமவெளியில் நட்டு 65, 70 நாளில் முதல் பழம் கிடைக்கும். 2,000 மீட்டருக்கு மேலே 95 முதல் 110 நாள் வரை ஆகும். பொறுமை இல்லாமல் நடுவில் உரத்தை அள்ளிக் கொட்டுவதால் இந்த நாள் குறையாது, இலைதான் பெருகும்.

ரகம்

பழம் சிறிதாக இருக்க இருக்க மலையில் வெற்றி நிச்சயம். செர்ரித் தக்காளி குளிரிலும் ஓரளவு காய் பிடிக்கும், பெரிய பழத்தைவிடச் சீக்கிரம் பழுக்கும். முதல்முறை வளர்ப்பவர்கள் இதிலேயே தொடங்குங்கள்.

குழம்புக்கு ஆகும் அளவில் பழம் வேண்டும் என்றால் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒட்டு ரகங்களைப் பாருங்கள். கடையில் அர்கா ரக்ஷக் விதை கிடைக்கும். அது இலைச்சுருட்டை, பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் ஆகிய மூன்றையும் தாங்கும். மலையில் நம்மை வாட்டும் பின்பருவக் கருகலைத் தாங்காது. அதற்கும் சேர்த்து எதிர்ப்பு உள்ளது அர்கா அபேத். பெயரைக் கேட்டு வாங்குங்கள், கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்பார். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் குளிர்ப் பகுதிக்காக உருவாக்கிய லெஜண்ட் என்ற ரகம் மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்காவிட்டாலும் காய் பிடிக்கும், கருகலையும் ஓரளவு தாங்கும். நண்பர்கள் யாரிடமாவது விதை கிடைத்தால் விடாதீர்கள்.

கொடைக்கானல் மலையடிவாரத்தில் இருக்கும் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 அடிவாரச் சூட்டுக்கு ஏற்ற ரகம். தாண்டிக்குடி உயரம் வரை அதை முயலலாம். மேலே ஏறினால் சோர்ந்துவிடும். மரத்தக்காளி வேறு செடி, இந்தக் குறிப்பில் அது சேராது.

வாளி

உயரமாகப் படரும் ரகத்துக்கு 20 லிட்டர், குட்டையாகப் புதராகும் ரகத்துக்கு 12 முதல் 15 லிட்டர், குள்ளச் செர்ரிக்கு 8 லிட்டர். ஒரு வாளிக்கு ஒரு செடிதான். இடம் மிச்சம் பிடிக்க இரண்டு வைத்தால் காற்று புகாமல் இரண்டுமே நோயில் போகும்.

மண் தொட்டி இங்கே வேண்டாம். அதன் சுவர் வழியே ஈரம் ஆவியாகும்போது உள்ளே மண் குளிரும்; மதுரையில் அது வரம், ஊட்டியில் சாபம். பெயிண்ட் கடையில் கிடைக்கும் 20 லிட்டர் காலி வாளி மிகப் பொருத்தம். நீர் கலந்து அடிக்கும் பெயிண்ட் இருந்த வாளியாகப் பார்த்து வாங்கி, ஒட்டியிருப்பதைச் சுரண்டிக் கழுவுங்கள். வெள்ளை வாளியாக இருந்தால் வெளிப்பக்கம் கறுப்படியுங்கள், பகல் வெயிலை வாங்கி மண்ணைச் சூடாக வைத்திருக்கும். 15 கிலோ எண்ணெய் டின்னும் ஆகும். மூட்டத்தில் அடி துருப்பிடித்து இரண்டு வருடத்தில் உதிர்ந்துவிடும், அவ்வளவுதான்.

அடியில் சுண்டுவிரல் நுழையும் அளவில் 8 ஓட்டை, பக்கவாட்டில் அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே 4 ஓட்டை. பக்க ஓட்டை முக்கியம். வாளி ஈரமான சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து அடி ஓட்டை அடைபட்டாலும் தண்ணீர் அதன் வழியே வடியும். வாளியை இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். அடியில் ஜல்லி போடும் பழக்கத்தை விட்டுவிடலாம். ஜல்லிக்கு மேலே இருக்கும் மண் முழுக்க ஊறிய பிறகுதான் தண்ணீர் ஜல்லிக்குள் இறங்கும். அதனால் வேருக்கு இருக்கும் இடம்தான் குறைகிறது. மண் வெளியே வராமல் இருக்க ஒரு துண்டு நிழல்வலை போதும்.

மண்: எங்கிருந்து எடுக்கக் கூடாது

உருளைக்கிழங்கு போட்ட நிலத்து மண்ணை ஒரு கைப்பிடிகூட வாளிக்குக் கொண்டுவராதீர்கள். உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு நீலகிரியில் இருப்பது 1961-இல் கண்டறியப்பட்டது. கொடைக்கானல் மலையிலும் அது உண்டு. கடுகைவிடச் சிறிய அதன் முட்டைக்கூடுகள் பயிரே இல்லாத மண்ணிலும் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். தக்காளியும் கத்தரியும் அதற்கு உணவுதான். வேரில் அது ஏறினால் செடி பகலில் வாடி, மஞ்சளாகி, கைப்பிடி உயரத்திலேயே நின்றுவிடும். மருந்து ஊற்றி மீட்க முடியாது. சோலைக் காட்டுக் கறுப்பு மண்ணும் வேண்டாம். காட்டிலிருந்து மண் எடுப்பது குற்றம். தவிர, அது பார்க்கத்தான் கொழுப்பு, தக்காளிக்கு அமிலம் அதிகம்.

20 லிட்டர் வாளிக்கு நம் கலவை இது. ஊறவைத்து இரண்டு முறை கழுவிய தென்னை நார்க்கழிவு 8 லிட்டர், வீட்டோரச் செம்மண் 5 லிட்டர், மண்புழு உரம் 5 லிட்டர், ஆற்றுமணல் அல்லது கழுவிய எம்-சாண்ட் 2 லிட்டர். இதோடு வேப்பம் புண்ணாக்கு 100 கிராம், எலும்புத்தூள் 50 கிராம். 5 கிலோ நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்தால் ஏறக்குறைய 70 லிட்டர் வரும், 8 வாளிக்குத் தாராளம். காட்டோரம் வீடு இருந்தால் எலும்புத்தூளை விடுங்கள். அந்த வாசனைக்குக் காட்டுப்பன்றி வாளியைக் கவிழ்க்கும், கரடி வரும் இடங்களும் உண்டு. அதே காரணத்துக்காக மீன் அமிலமும் வேண்டாம்.

பட்டன் காளான் பண்ணையில் கழித்த உரம் மலையில் மலிவாகக் கிடைக்கிறது. நல்ல பொருள், ஆனால் உப்பு அதிகம். ஒரு மழைக்காலம் வெளியில் கிடந்து கழுவப்பட்டதாக இருந்தால் மட்டும், மண்புழு உரத்தில் பாதிக்குப் பதிலாகச் சேருங்கள்.

அடுத்தது சுண்ணாம்பு. இதைத்தான் மலையில் பலரும் தவறவிடுகிறார்கள். தேயிலை செழிக்கும் மண் என்றாலே அமில மண் என்று அர்த்தம். நீலகிரிச் செம்மண்ணில் பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை சாதாரணம். தக்காளிக்கு 6-லிருந்து 6.8 வரை வேண்டும். அமிலம் அதிகமானால் போட்ட மணிச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் வேருக்குக் கிடைக்காது, பிறகு காயின் அடிப்பாகம் கறுத்து அழுகும். தேயிலைத் தோட்டங்களுக்கு விற்கும் டோலமைட் தூள் 50 கிராம் ஒரு வாளிக் கலவைக்குப் போதும். அதில் மெக்னீசியமும் இருக்கிறது. நன்றாகக் கலந்து, லேசாக நனைத்து, இரண்டு வாரம் மூடி வைத்த பிறகு நடுங்கள். மக்காத சாணத்தோடு சுண்ணாம்பைச் சேர்க்காதீர்கள், தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். மூக்கில் சுள்ளென்று ஏறும் நெடி வந்தால் அதுதான் நடக்கிறது.

நாற்று

விதை முளைக்க 24 முதல் 28 டிகிரி தேவை. 10 டிகிரிக்குக் கீழே முளைக்கவே முளைக்காது. தை மாத ஊட்டியில் வெளியே வைத்த விதைத்தட்டு அழுகித்தான் போகும். குளிர்பெட்டியின் மேல்பக்கம், விறகடுப்பு இருக்கும் சமையலறைப் பரண், ஓடிக்கொண்டே இருக்கும் இணைய மோடத்தின் பக்கம் என்று வீட்டில் கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும் இடத்தைத் தேடுங்கள். குழித்தட்டில் கழுவிய நார்க்கழிவும் மண்புழு உரமும் சரிபாதி நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு ஒரு விதை. ஈரத்துணியால் மூடுங்கள். 6 முதல் 9 நாளில் தலைகாட்டும்.

தலைகாட்டிய அன்றே வெளிச்சத்துக்கு மாற்ற வேண்டும். ஒருநாள் தாமதித்தாலும் தண்டு நூலாக நீண்டு சாயும். கண்ணாடி வராந்தா இருக்கும் வீடு என்றால் கிழக்குப் பக்கக் கண்ணாடியை ஒட்டி வையுங்கள், இரவில் கண்ணாடியிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள். குளிர்ந்த நேரத்தில் நீர் அதிகமானால் தண்டு மண்ணோடு ஒட்டிய இடத்தில் ஊசியாகச் சுருங்கி நாற்று படுத்துவிடும், நாற்றழுகல் இது. விதைக்கும் முன் கிலோவுக்கு 4 கிராம் கணக்கில் டிரைக்கோடெர்மா விரிடி சேர்த்துக் குலுக்குங்கள் (கைப்பிடி விதைக்கு ஒரு சிட்டிகை), பிறகு தட்டின் மேற்பரப்பு காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள்.

மற்ற இடங்களில் தண்ணீர் பாட்டிலை அறுத்துக் குட்டிக் குடில் செய்யச் சொல்வார்கள். நீலகிரியில் அந்த பாட்டிலுக்கே தடை இருக்கிறது. பழைய கண்ணாடி ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்து வைப்பது அதைவிட நன்றாகவே வெப்பம் காக்கும். வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும்.

இலையின் அடிப்பக்கம் ஊதா நிறம் ஏறினால் பதற வேண்டாம். குளிரில் வேர் மணிச்சத்தை எடுக்கத் திணறுகிறது, வெப்பம் வந்ததும் பச்சை திரும்பும். 5, 6 உண்மை இலை (முளைத்ததும் வரும் இரண்டு விதையிலைக்குப் பிறகு வரும் இலை) வந்த நாற்றை, பகலில் இரண்டு மணி நேரம் வெளியே என்று தொடங்கி, பத்து நாளில் முழுநாள் வெளியே இருக்கப் பழக்குங்கள். பிறகு வாளியில் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டு பாதி புதையும் ஆழத்தில் நடுங்கள். புதைந்த தண்டிலிருந்து புதிய வேர் வரும்.

கூரையும் இடமும்

மதியத்துக்குப் பிறகு மூட்டம் இறங்கும் ஊரில் காலை வெயில்தான் நம் சொத்து. கிழக்கும் தெற்கும் திறந்த, பின்னால் சுவர் இருக்கும் இடம் சிறந்தது. பகலில் சூடேறிய கருங்கல் சுவர் இரவெல்லாம் அந்தச் சூட்டை மெல்ல வெளியே விடும். சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளியில் வாளியை வைத்தால் இரவு வெப்பத்தில் கிடைக்கும் ஓரிரண்டு டிகிரியே பூ நிற்பதற்கும் உதிர்வதற்கும் உள்ள வித்தியாசம்.

கூரைக்குப் பசுமைக்குடில் போடுபவர்கள் வாங்கும் 200 மைக்ரான் யு.வி. ஷீட் வேண்டும். சாதாரணப் பாலித்தீன் ஒரே கோடையில் பொடியும். முன்பக்கம் 7 அடி, அடிக்கு 3 அங்குலம் என்று பின்னோக்கிச் சரிவு. சரிவு குறைந்தால் உள்பக்கம் வியர்க்கும் நீர் வழிந்தோடாமல் செடிமேல் சொட்டும், கூரை போட்டதே வீண். செடியைத் தாண்டி ஒன்றரை அடி நீட்டிவிடுங்கள், இங்கே மழை நேராக விழுவதில்லை. பக்கங்களைத் திறந்தே விடுங்கள். நாலு பக்கமும் மூடினால் காற்று நின்று ஈரம் தங்கும். கருகல் நோய்க்கு நாமே வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும். வாளிக்கு வாளி 2 அடி இடைவெளி.

நாற்று வைக்கும் காலத்தில் உறைபனி இன்னும் விட்டிருக்காது. வானம் தெளிந்து, காற்றே அசையாத இரவு என்றால் அன்று பனி விழும். குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் தேங்கும் என்பதால் தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் இருப்பவர்கள் மாசி கடைசி வரை கவனமாக இருங்கள். சாக்கு அல்லது பழைய போர்வையை, இலையில் படாமல் குச்சிமேல் போர்த்தி, காலை வெயில் பட்டதும் எடுங்கள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே முறைதான்.

நட்ட பிறகு

தாங்குகுச்சியை நடும்போதே ஊன்றுங்கள், பிறகு குத்தினால் வேர் அறும். 6 அடிச் சீகைக் குச்சி உறுதியானது, மலையில் எங்கும் கிடைக்கும். உயர ரகத்தில் இலைக்கும் தண்டுக்கும் நடுவே வரும் பக்கத்தளிரை விரல் நீளம் வருவதற்குள் கிள்ளி, ஒரே தண்டாக ஏற்றுங்கள். காய்ந்த நாளின் காலையில் மட்டும் கிள்ளுங்கள், புண் அன்றே ஆற வேண்டும். குட்டை ரகத்தில் கிள்ளக் கூடாது, காயும் சேர்ந்து போகும். முதல் கொத்து காய்த்ததும் அதற்குக் கீழே உள்ள இலைகளை எல்லாம் எடுத்துவிடலாம். 2,000 மீட்டருக்கு மேல் இருப்பவர்கள் நாலாவது கொத்து வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். ஐந்தாவது கொத்து பழுக்க அங்கே காலம் கிடைக்காது.

தண்ணீர் காலையில், மண்ணில் மட்டும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் இன்று வேண்டாம். சித்திரை வெயிலில் முழு வளர்ச்சி அடைந்த செடி நாளுக்கு ஒன்றரை லிட்டர் குடிக்கும். மூட்டம் போட்ட வாரத்தில் நாலு நாளைக்கு ஒருமுறை அரை லிட்டர்கூட அதிகம். நாள் கணக்கு வைத்து ஊற்றுபவர்களின் செடிதான் வேரழுகிச் சாகிறது. குழாயில் வரும் பனிக்கட்டித் தண்ணீரை நேராக ஊற்றாமல் ஒரு குடத்தில் பிடித்து வெயிலில் வைத்து ஊற்றுங்கள்.

முதல் மூன்று வாரம் உரம் வேண்டாம். பிறகு வாரம் ஒருமுறை 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, வாளிக்கு முக்கால் லிட்டர். முதல் காய் பட்டாணி அளவு வந்ததும் அதை நிறுத்திவிட்டு, ஒரு வாரம் 13:0:45 (பொட்டாசியம் நைட்ரேட்), மறுவாரம் கால்சியம் நைட்ரேட், இரண்டுமே லிட்டருக்கு 2 கிராம். இயற்கை முறையில் போகிறவர்கள் பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி தரலாம், ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: குளிர்ந்த மண்ணில் நுண்ணுயிர்கள் மெதுவாகத்தான் வேலை செய்யும். எரு, புண்ணாக்கு எதுவானாலும் பலன் தெரிய சமவெளியைப்போல் இரண்டு மடங்கு நாளாகும். எனவே பூக்கும் காலத்தில் தேவைப்படும் சத்தை நடும் காலத்திலேயே மண்ணில் சேர்த்துவிடுங்கள்.

பூ உதிர்ந்தால்

முதலில் இரவு வெப்பத்தைப் பாருங்கள். சிறிய வெப்பமானி ஒன்றைச் செடி உயரத்தில் தொங்கவிட்டால் போதும். 13 டிகிரிக்குக் கீழே இறங்கும் இரவுகளில் வாளியைச் சுவரோரம் நகர்த்தி, நடுவே தண்ணீர் நிரப்பிய கறுப்புக் கேன் ஒன்றை வையுங்கள். பகலில் வாங்கிய சூட்டை அது இரவில் தரும்.

அடுத்து மகரந்தம். தக்காளிப் பூ தன்னைத்தானே சேர்த்துக்கொள்ளும், ஆனால் குலுங்க வேண்டும். கண்ணாடி வராந்தாவில் காற்றும் இல்லை, வண்டும் இல்லை. மூட்ட நாளில் மகரந்தம் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு உதிராது. மூட்டம் கலைந்து காற்று காய்ந்திருக்கும் நேரம், பெரும்பாலும் காலை 10 மணியிலிருந்து மதியத்துக்குள், பூங்கொத்தின் காம்பை விரலால் நாலைந்து முறை சுண்டிவிடுங்கள். பேட்டரியில் ஓடும் பல் துலக்கியைக் காம்பில் ஒரு நொடி வைத்தால் இன்னும் நல்லது. வெயிலில் பார்த்தால் மஞ்சள் தூள் புகையாய்ப் பறப்பது தெரியும். இதைத் தினமும் செய்யுங்கள்.

காய் நின்றும் அடிப்பக்கம் மடிப்பு மடிப்பாக, தழும்போடு கோணலாக வந்தால் அது பூ மொட்டாக இருந்தபோது பட்ட குளிர். நோய் கிடையாது, தாராளமாகச் சாப்பிடலாம்.

கருகல்

மலையில் தக்காளி வளர்ப்பவருக்குத் தெரிய வேண்டியதில் பாதி இந்த ஒரு நோய்தான். பின்பருவக் கருகல் 10 முதல் 20 டிகிரிக்குள், இலை ஈரமாக இருக்கும்போது பரவும். அதாவது மலையின் சாதாரண வானிலை. வித்துகள் பக்கத்து உருளைக்கிழங்குத் தோட்டத்திலிருந்து காற்றிலேயே வந்துவிடும், வீட்டுத்தோட்டம் என்பதால் தப்பிக்க முடியாது.

அடையாளம் இது. இலை ஓரத்தில் வெந்நீர் பட்டதுபோல் நீர்கோத்த கரும்பச்சைத் திட்டு வரும். ஒரே நாளில் அது பழுப்பாகும். விடியற்காலையில் அந்த இலையைத் திருப்பிப் பாருங்கள். திட்டின் விளிம்பைச் சுற்றி மெல்லிய வெள்ளைப் பூசணம், உப்புப் பூத்தது மாதிரி, நுனிவிரலில் தொட்டால் ஒட்டும். வெயில் ஏறினால் மறைந்துவிடும், அதனால் பத்து மணிக்குத் தேடிப் பயனில்லை. தண்டில் கரும்பழுப்புப் பட்டை ஓடும், காயில் கெட்டியான பழுப்புத் திட்டு விழும். இலையில் வட்டத்துக்குள் வட்டமாகக் காய்ந்த புள்ளி, சுற்றி மஞ்சள், அதுவும் கீழ் இலையிலிருந்து மெல்ல ஏறுகிறது என்றால் அது முன்பருவக் கருகல். அதற்கு அவகாசம் உண்டு. பின்பருவக் கருகல் ஒரு வாரத்தில் செடியையே முடித்துவிடும்.

வந்த பிறகு குணப்படுத்துவது அரிது, வரும் முன் தடுக்க வேண்டும். கூரைதான் முதல் மருந்து. தொடர் மூட்டம் வரப்போகிறது என்று தெரிந்ததும் மேங்கோசெப் லிட்டருக்கு 2 கிராம், அல்லது காப்பர் ஆக்ஸிகுளோரைடு 2.5 கிராம், இலையின் இரு பக்கமும் படும்படி காய்ந்த இலையில் தெளியுங்கள். மூட்டம் நீடித்தால் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை. முகத்தை மூடிக்கொள்ளுங்கள், தெளித்து 7 நாள் கழித்துப் பறித்து, நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

போர்டோ கலவையைச் சொந்தமாகச் செய்பவர்கள் தக்காளிக்குப் பாதி அளவே பயன்படுத்துங்கள். 1 லிட்டருக்கு மயில்துத்தம் 5 கிராம், சுட்ட சுண்ணாம்பு 5 கிராம். இரண்டையும் தனித்தனியே அரை லிட்டர் நீரில் பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். துடைத்த இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு படிந்து சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். அன்றே தெளித்துவிட வேண்டும். இலை காயத் தாமதமாகும் குளிர்நாளில் செம்பு மருந்து இளந்தளிரைச் சுடும். பாதி அளவு என்று சொன்னது அதனால்தான்.

ஒரு செடியில் நோய் உறுதியானால் அன்றே அந்தச் செடியை வேரோடு பிடுங்கிச் சாக்கில் கட்டி, ஆழப் புதையுங்கள் அல்லது காயவைத்து எரியுங்கள். உரக்குழியில் போடாதீர்கள். மனது கேட்காமல் இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று விட்டால் பக்கத்து வாளிகளும் போகும். அதிலிருந்த நல்ல பச்சைக்காயை எடுத்து உடனே சமைத்துவிடுங்கள், பழுக்க வைத்தால் பெட்டிக்குள் அழுகும்.

மற்றவை

காயின் அடி கறுத்து அமுங்கினால் சுண்ணாம்புச்சத்துக் குறை. பெரும்பாலும் தண்ணீரை ஒருநாள் வெள்ளமாகவும் மூன்று நாள் வறட்சியாகவும் விட்டதன் விளைவு. நீரைச் சீராக்குங்கள். பழம் வெடிப்பதும் இதே காரணத்தால்தான். நரம்பு பச்சையாக இருக்க நடுவே மஞ்சளிக்கும் கீழ் இலைக்கு மெக்னீசியம் சல்பேட் லிட்டருக்கு 5 கிராம் தெளிக்கலாம். கண்ணாடி வராந்தாவில் வெள்ளை ஈ சேரும், மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் ஓடில்லா நத்தை இரவோடிரவாக நாற்றைத் தின்னும். டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதுதான் நிச்சயமான வழி, சாம்பல் நனைந்தால் பலனில்லை.

குரங்கு வேறு கதை. சிவந்த பழத்தைத் தொலைவிலிருந்தே பார்த்துவிடும். காயின் அடியில் லேசாக இளஞ்சிவப்பு ஓடத் தொடங்கியதும் பறித்துவிடுங்கள். அந்தப் பருவத்துக்குப் பிறகு செடி காய்க்குப் பெரிதாக எதுவும் தருவதில்லை, ருசியிலும் குறை தெரியாது.

பறிப்பும் அதற்குப் பிறகும்

சிவப்பு நிறம் விரைவாக ஏற 18 டிகிரிக்கு மேல் வேண்டும். மூட்ட வாரத்தில் செடியிலேயே விட்டால் காய் வாரக்கணக்கில் வெளிறி நிற்கும். பறித்து, ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, மலைவாழைப் பழம் ஒன்றோடு அட்டைப்பெட்டியில் போட்டுச் சமையலறையில் வையுங்கள். வாழைப்பழம் விடும் எத்திலீன் வாயு பழுக்க வைக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை திறந்து அழுகியதை எடுங்கள். முழு வளர்ச்சி அடைந்த பச்சைக்காய் 20 டிகிரியில் இரண்டு வாரத்தில் பழுக்கும், 13 டிகிரியில் ஒரு மாதம் பிடிக்கும். வெட்டிப் பார்த்தால் விதையைச் சுற்றி வழவழப்பு இல்லாத காய் பழுக்கவே பழுக்காது. அது கூட்டுக்கும் துவையலுக்கும். குளிர்பெட்டி வேண்டாம், அந்தக் குளிரில் தக்காளியின் மணம் செத்துவிடும்.

செடி முடிந்ததும் வேரைப் பிரித்துப் பாருங்கள். முடிச்சோ, ஊசிமுனை அளவு மஞ்சள், பழுப்பு மணிகளோ இல்லை என்றால் அந்த மண்ணை அடுத்த போகத்துக்கு பீன்ஸ், பூண்டு, கீரை எதற்காவது பயன்படுத்தலாம். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை நாலையும் மூன்று வருடம் அதில் வைக்காதீர்கள். கருகல் வந்த வாளியைத் தேய்த்துக் கழுவி, ஒரு வாளித் தண்ணீருக்கு நாலு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைத்து அரைமணி நேரம் ஊறவைத்து, வெயிலில் கவிழ்த்துக் காயவையுங்கள். பழைய சீகைக் குச்சியை மறுபடி ஊன்றாமல் அடுப்புக்குப் போட்டுவிட்டு, அடுத்த போகத்துக்குப் புதிதாக வெட்டிக்கொள்ளுங்கள்.